பழைய வீட்டு வயரிங்குக்கு யூனி-டி யூடி210ஈ கிளாம்ப் மீட்டர்: இரண்டு வயரையும் சேர்த்துக் கவ்விப் பாருங்கள்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இதை வாங்கலாம். காரைக்குடி, பள்ளத்தூர், கானாடுகாத்தான், தேவகோட்டைப் பக்கம் பழைய வீடு வைத்திருந்து, அதில் வயதானவர்கள் யாராவது தங்கியிருந்தால் கண்டிப்பாக வாங்கலாம். யூனி-டி யூடி210ஈ, உள்ளங்கையில் அடங்குகிற சின்ன கிளாம்ப் மீட்டர். இரண்டு டிரிபிள் ஏ பேட்டரியில் ஓடும். வயரை வெட்டாமல், மேல் உறையைச் சீவாமல், வாயைத் திறந்து கவ்வினால் உள்ளே ஓடும் மின்னோட்டத்தைச் சொல்லும், ஏசி என்றாலும் டிசி என்றாலும். கிளாம்ப் மீட்டர் கடையில் ஆயிரம் இருக்கிறது, விலை குறைந்ததும் இருக்கிறது, ஆனால் அவற்றில் பெரும்பாலானவை 400 ஆம்பியர், 600 ஆம்பியர் என்று பெரிய மோட்டாருக்காகச் செய்தவை. இதில் 2 ஆம்பியர் ரேஞ்ச் ஒன்று இருக்கிறது, அதில் 1 மில்லி ஆம்பியர் வரை பிரித்துக் காட்டுகிறது. ஒரு வீட்டுக்காரருக்கு வேண்டியது அந்த ஒரு வசதிதான், ஏன் என்று கீழே விவரமாகச் சொல்கிறேன்.

நான் பிளஸ் டூ இயற்பியல் நடத்துகிறவன். அதனால் இந்த விமர்சனம் கொஞ்சம் நீளமாகத்தான் வரும். இந்தக் கருவி எப்படி வேலை செய்கிறது என்று தெரியாமல் வாங்கினால் ஒரு வாரத்தில் மேசை இழுப்பறைக்குள் போய்விடும். இணையத்தில் இந்த வகை மீட்டர்களுக்கு ஒற்றை நட்சத்திரம் போட்டவர்கள் எழுதியதைப் படித்துப் பாருங்கள். "மிக்சி ஓடுகிறது, வயரைக் கவ்வினேன், பூஜ்ஜியம் காட்டுகிறது, டம்மி பீஸ்" என்று பலர் எழுதியிருக்கிறார்கள். மீட்டர் சரியாகத்தான் சொல்கிறது. மிக்சியின் கருப்பு வயருக்குள் ஃபேஸ் ஒன்று, நியூட்ரல் ஒன்று, ஒட்டி ஒட்டிப் போகின்றன. ஒன்றில் மின்னோட்டம் உள்ளே போகும்போது மற்றதில் அதே அளவு வெளியே வருகிறது. இரண்டையும் சேர்த்துக் கவ்வினால் பூஜ்ஜியம்தான் வர வேண்டும். அது வராவிட்டால்தான் கவலைப்பட வேண்டும்.

இதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும்.

மின்னோட்டம் ஓடும் எந்த வயரைச் சுற்றியும் ஒரு காந்தப்புலம் வட்டம் வட்டமாக இருக்கும். 1820-ல் ஹான்ஸ் கிறிஸ்டியன் ஆர்ஸ்டெட் டென்மார்க்கில் திசைகாட்டி முள் அசைவதைப் பார்த்துச் சொன்னது இதுதான். புலம் எவ்வளவு என்பதற்கு வீட்டு அளவில் ஒரு சுலபமான கணக்கு உண்டு: ஆம்பியரை, வயரிலிருந்து எத்தனை மீட்டர் தூரமோ அதால் வகுத்து 0.2-ஆல் பெருக்கினால் மைக்ரோ டெஸ்லாவில் விடை. 10 ஆம்பியர் ஓடும் தனி வயரிலிருந்து 1 சென்டிமீட்டர் தள்ளி 200 மைக்ரோ டெஸ்லா. அரை மீட்டர் தள்ளி 4 மைக்ரோ டெஸ்லா. நம் பக்கத்தில் பூமியின் சொந்தக் காந்தப்புலம் சுமார் 40 மைக்ரோ டெஸ்லா, அதையும் ஞாபகம் வைத்துக்கொண்டால் எது பெரிசு எது சின்னது என்று பிடிபடும்.

சரி, இப்போது பக்கத்திலேயே இன்னொரு வயர், அதில் எதிர்த் திசையில் அதே 10 ஆம்பியர். இரண்டுக்கும் நடுவே 2 சென்டிமீட்டர் இடைவெளி என்று வைத்துக்கொள்ளுங்கள். சரியாக நடுப்புள்ளியில் இரண்டு வயரின் புலமும் ஒரே திசையில் நிற்கும், கூட்டிக்கொள்ளும், 400 மைக்ரோ டெஸ்லா. மாணவர்கள் பலர் இங்கேதான் சறுக்குகிறார்கள், எதிர் மின்னோட்டம் என்றவுடன் எங்கும் ரத்து என்று எழுதிவிடுகிறார்கள். நடுவில் கூடும், வெளியில்தான் கழியும். அதுவும் தள்ளிப் போகப் போக வேகமாகக் கழியும். ஒரு தனி வயரின் புலம் தூரம் இரட்டித்தால் பாதியாகும், ஜோடி வயரின் புலம் கால்வாசியாகும். அதே 10 ஆம்பியர், இரண்டு வயருக்கும் நடுவே 5 மில்லிமீட்டர்தான் என்றால், அரை மீட்டர் தள்ளி 0.04 மைக்ரோ டெஸ்லாதான். தனி வயருக்கு அங்கே 4 இருந்தது. நூறில் ஒரு பங்கு.

மீட்டரின் வாய் என்பது ஒரு காந்தப் பொருளாலான வளையம். வளையத்துக்குள் எவ்வளவு மின்னோட்டம் நுழைகிறது, எந்தத் திசையில் நுழைகிறது, எல்லாவற்றையும் கூட்டினால் என்ன மிச்சம், அதை மட்டும்தான் அது பார்க்கும். ஆம்பியரின் சுற்று விதி என்று புத்தகத்தில் படிக்கிறோமே, அதைப் பிளாஸ்டிக்கில் வார்த்துக் கையில் கொடுத்ததுபோல இருக்கிறது இது. வயர் வளையத்தின் நடுவில் இருக்கிறதா ஓரத்தில் இருக்கிறதா என்பது கணக்கில் வராது, வளையத்துக்கு வெளியே பக்கத்தில் போகும் வயரும் கணக்கில் வராது. நடைமுறையில் லேசாக வரும், வாய் மூடும் இடத்தில் தூசி இருந்தால் இன்னும் கொஞ்சம் வரும், அதனால் வயரை நடுவாக வைத்து அளப்பது நல்லது.

இனி எங்கள் வீட்டுக் கதை. முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு, மூன்றாங்கட்டு என்று தெருவிலிருந்து அடுத்த தெரு வரை நீளும் வீடு. பர்மா தேக்குத் தூண், ஆத்தங்குடிக் கல், முட்டைப் பூச்சுச் சுவர் எல்லாம் இன்றைக்கும் கண்ணாடி மாதிரி நிற்கின்றன. வயரிங்தான் நிற்கவில்லை. முகப்பில் மரச் சட்டத்துக்குள் போகும் பழைய கேசிங் வயரிங், ரப்பர் உறைக்கு மேல் நூல் பின்னிய வயர். கை பட்டால் ரப்பர் மாவாக உதிரும். வளவில் பேட்டன் வயரிங், கிளிப் அடித்தது. பின்கட்டில் பிற்பாடு போட்ட பிவிசி பைப். ஒவ்வொரு கல்யாணத்துக்கும் சாந்திக்கும் யாரோ ஒருவர் வந்து ஒரு லைனைச் சேர்த்துவிட்டுப் போயிருக்கிறார்கள், எது எங்கிருந்து வருகிறது என்று தெரிந்தவர்கள் இப்போது இல்லை. பங்காளிகள் ஆளுக்கொரு ஊரில். அப்பத்தா மட்டும் துணைக்கு ஒரு ஆளோடு அங்கேயே இருக்கிறார்.

அந்த அப்பத்தா "கொல்லைக் குழாயைத் தொட்டா சுருக்குன்னு இழுக்குதுப்பா" என்று ஒரு நாள் போனில் சொன்னார். மழைக்காலம். அதற்காகத்தான் ஆர்சிசிபி, அதாவது கசிவு வந்தால் லைனைத் துண்டிக்கும் சுவிட்ச், போட்டோம். போட்ட அன்றே விழுந்தது, தூக்கிவிட்டால் மறுபடி விழுந்தது. வந்த வயர்மேன் தம்பி, "சார், இந்த ஆர்சிசிபி பழுது, இதைக் கழட்டிட்டு டைரக்டா குடுத்துடலாம், பழைய வீட்டுல இதெல்லாம் நிக்காது" என்றார். இந்தப் பேச்சை நம் பக்கத்தில் எத்தனையோ வீட்டில் கேட்டிருக்கிறேன். எத்தனையோ வீட்டில் ஆர்சிசிபி வெறும் பெட்டியாக, உள்ளே ஷார்ட் செய்யப்பட்டு நிற்பதையும் பார்த்திருக்கிறேன். இதைப் படிக்கிறவர்கள் வீட்டிலும் அப்படி இருந்தால் தயவுசெய்து இந்த வாரமே ஆளைக் கூப்பிட்டுப் பாருங்கள்.

ஆர்சிசிபிக்குள் இருப்பதும் இதே வளையம்தான். ஃபேஸும் நியூட்ரலும் இணையாக ஒரு வளையத்துக்குள் நுழைகின்றன. போனதும் வந்ததும் சரியாக இருந்தால் வளையத்தில் புலம் இல்லை. நம் அய்யாமார் ஐந்தொகை எடுக்கிறபோது வரவும் பற்றும் நேராகாவிட்டால் பேரேட்டை மூடமாட்டார்கள், அந்த மாதிரி, வித்தியாசம் 30 மில்லி ஆம்பியரை எட்டினால் இது லைனைத் துண்டித்துவிடும். அந்த வித்தியாசம் எங்கே போகிறது? ஈரச் சுவர் வழியாக மண்ணுக்குப் போகலாம். குழாயைத் தொட்ட ஒரு மனிதர் வழியாகவும் போகலாம். விழுகிற ஆர்சிசிபி தன் வேலையைச் செய்கிறது, அதைக் கழற்றுவது கணக்குப் பிள்ளையை வீட்டுக்கு அனுப்பிவிடுகிற வேலை.

எந்த லைன் என்று கண்டுபிடிக்கத்தான் இந்த மீட்டர். டிபி பாக்ஸை, அதாவது எல்லா லைனும் பிரிகிற பெட்டியை, திறந்ததும், கையுறையும் ரப்பர் செருப்புமாகத் தொட்டதும் அந்தத் தம்பிதான், நான் பக்கத்தில் நின்று எண்ணைக் குறித்தேன். ஆர்சிசிபி விழுந்துகொண்டே இருந்ததால், அளக்கிற நேரத்துக்கு மட்டும் அவர் அதைத் தவிர்த்து லைன் கொடுத்தார். இந்த வேலைக்கு லைசென்ஸ் உள்ள ஆளை வைத்துக்கொள்ளுங்கள், வயருக்கு மேல் உறை இருக்கிற இடத்தில் மட்டும் கவ்வுங்கள். மெயினில் ஃபேஸை மட்டும் கவ்வினால் 3.2 ஆம்பியர். ஃபிரிட்ஜ், இரண்டு ஃபேன், சில விளக்குகள், அப்பத்தாவின் டிவி, எல்லாம் சேர்ந்து அவ்வளவு வரும், சரிதான். ஃபேஸையும் நியூட்ரலையும் சேர்த்துக் கவ்வினால் 0.19 ஆம்பியர். பூஜ்ஜியம் வர வேண்டிய இடத்தில் 190 மில்லி ஆம்பியர்!

அதை 230 வோல்ட்டால் பெருக்கினால் ஏறக்குறைய 44 வாட். யாருக்கும் பிரயோஜனம் இல்லாமல் ராவும் பகலும் மண்ணுக்குள் போகிறது, ஒரு நாளைக்கு ஒரு யூனிட். ஈ.பி.யில் இரண்டு மாதத்துக்கு ஒரு முறை கணக்கெடுக்கும்போது 60 யூனிட்டுக்கு மேல் அதுவே ஆகிவிடும். வீடே பூட்டிக் கிடக்கிறது, பில் மட்டும் எப்படி வருகிறது என்று கேட்கிற பங்காளிகளுக்கு இது ஒரு பதில். பணம் போவது ஒரு பக்கம், அப்பத்தா ஈரக் கையோடு குழாயைத் தொடுகிறார் என்பது இன்னொரு பக்கம். எனக்கு அன்றைக்கு ராத்திரி தூக்கம் வரவில்லை.

அப்புறம் ஒவ்வொரு லைனாக, அந்தந்த லைனின் ஃபேஸையும் நியூட்ரலையும் ஜோடியாக எடுத்துக் கவ்விக்கொண்டே போனோம். முகப்பு 3 மில்லி ஆம்பியர். அந்த உதிர்கிற ரப்பர் வயரில்தான் கசிவு இருக்கும் என்று எல்லாரும் நினைத்தோம், ஆனால் தேக்குச் சட்டம் காய்ந்து கிடப்பதால் கசிய வழியில்லை. அதனால் அந்த வயரை விட்டுவிடலாம் என்று அர்த்தமில்லை, அதையும் மாற்ற வேண்டும், தீப்பிடிக்கிற சரக்கு. வளவு 5. கொல்லைக்குப் போகும் லைன் 180. விளக்கின் சுவிட்சை அணைத்த பிறகும் 180, அப்படியானால் கசிவு சுவிட்சுக்கு முன்னால் இருக்கிற வயரில். மூன்றாங்கட்டின் திறந்த முற்றத்து ஓரம் தரைக்குள் போன பிவிசி பைப்பில் மழைத் தண்ணீர் இறங்கி, உள்ளே டேப் சுற்றிய ஒரு ஜாயின்ட் ஊறிக்கிடந்தது. அந்தத் துண்டை எடுத்துவிட்டு, ஜாயின்ட் இல்லாத புது வயராகச் சுவர் மேல் உயரத்தில் கொண்டுபோனோம். இப்போது மொத்த வீட்டுக்கும் ஜோடியாகக் கவ்வினால் 10 மில்லி ஆம்பியருக்குள். ஆர்சிசிபி நிற்கிறது, குழாய் இழுப்பதில்லை.

இதில் 400 ஆம்பியர் மீட்டராக இருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். பலவற்றில் கடைசி இலக்கமே 10 அல்லது 100 மில்லி ஆம்பியர். முகப்புக்கும் வளவுக்கும் எந்த வித்தியாசமும் தெரிந்திருக்காது, 180-கூட "ஏதோ ஆடுகிறது" என்று தள்ளிவிடக்கூடிய எண்ணாகத்தான் இருந்திருக்கும். கசிவுக்கென்றே தனியாகச் செய்த மீட்டர்கள் உண்டு, வாய் பெரிசு, வெளிப்புலம் நுழையாதபடி கவசம் போட்டவை, விலையும் அதற்கேற்ப. தொழிலாக இதைச் செய்பவர்கள் அதை வாங்கட்டும். வீட்டுக்கு இது போதும். ஒன்று மட்டும் கவனியுங்கள்: லைனில் நிறைய மின்னோட்டம் ஓடும்போது ஜோடியாகக் கவ்வினால் கசிவே இல்லாவிட்டாலும் சில மில்லி ஆம்பியர் காட்டும், வளையம் முழுக்கச் சீராக இருப்பதில்லை. ஏர் கண்டிஷனர், இன்வெர்ட்டர், கம்ப்யூட்டர் இவற்றின் உள்ளே இருக்கும் ஃபில்டர்களும் கொஞ்சம் எர்த்துக்கு அனுப்பும். 5, 10 என்று பார்த்துப் பயப்பட வேண்டாம்.

எர்த் வயரையும் சேர்த்து மூன்றையும் கவ்விவிடாதீர்கள். கசிவு எர்த் வயர் வழியாகவே திரும்பினால் அதுவும் கழிந்து மறுபடி பூஜ்ஜியம் காட்டும். ஃபேஸும் நியூட்ரலும் மட்டும், அல்லது எர்த்தை மட்டும் தனியாக.

இன்னொரு விஷயம் பழைய வீட்டுக்காரர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். மாடிப்படி டியூப் லைட்டைப் போட்டபோது கீழ் லைனின் ஜோடியில் 0.4 ஆம்பியர் வித்தியாசம் வந்தது. அணைத்தால் போய்விடுகிறது. மாடி லைனின் ஜோடியைப் பார்த்தால் அங்கேயும் அதே 0.4. கசிவு என்றால் இரண்டு இடத்தில் ஒரே அளவு வராது. நான்கு வயரையும் சேர்த்துக் கவ்வினோம், பூஜ்ஜியம். எந்தக் காலத்திலோ யாரோ படி விளக்குக்கு ஃபேஸைக் கீழ் லைனிலிருந்தும், நியூட்ரலைப் பக்கத்தில் கிடைத்த மாடி லைனிலிருந்தும் எடுத்திருக்கிறார்கள். விளக்கு அழகாக எரியும், யாருக்கும் தெரியாது. ஆனால் மாடிக்கும் கீழுக்கும் தனித்தனி ஆர்சிசிபி போட்டால், படி விளக்கைப் போட்டவுடன் இரண்டுமே விழும், ஒரு துளி கசிவு இல்லாமல். ஆர்சிசிபி பழுது என்று கழற்றப்பட்ட வீடுகளில் பாதிக்கு இதுதான் காரணமாக இருக்கும் என்பது என் அபிப்பிராயம். நான்கு வயரையும் ஒன்றாகக் கவ்வுகிற இந்த வித்தையை அந்தத் தம்பிக்குக் காட்டினபோது அவர் முகத்தில் வந்த சந்தோஷம் எனக்கு வகுப்பில்கூட அபூர்வமாகத்தான் கிடைக்கும். அவரும் இப்போது இதே மீட்டர் வாங்கிவிட்டார்.

இப்படி ஃபேஸ் ஒரு வழியிலும் நியூட்ரல் வேறு வழியிலும் போனால் காந்தப்புலமும் கழியாது. அப்பத்தா கட்டிலுக்கு மேல் ஒரு மரச் சட்ட வயர் போகிறது, அதன் கீழே படுக்கலாமா என்று என் சித்தி கேட்டார். ஜோடியாகப் போகிற வயர் என்றால் கட்டிலில் கிடைப்பது ஒன்றுமே இல்லை என்று சொல்லலாம். பிரிந்து போகிற வயராக இருந்து, அதில் ஹீட்டர் மாதிரி 10 ஆம்பியர் ஓடினால்கூட, அரை மீட்டரில் 4 மைக்ரோ டெஸ்லா. பொதுமக்களுக்கு 50 ஹெர்ட்ஸ் புலத்துக்கு 2010-ல் சர்வதேச அயனியாக்காக் கதிர்வீச்சுப் பாதுகாப்பு ஆணையம் வைத்த அளவு 200 மைக்ரோ டெஸ்லா. தாராளமாகப் படுக்கலாம், வயரின் ரப்பர் உதிர்வதுதான் கவலை என்று சித்தியிடம் சொன்னேன். கட்டிலை நகர்த்திவிட்டார்கள், சரி, அதுவும் நல்லதுதான்.

ஒரே திசையில் போகும் வயர்கள் இருந்தால் கூடும் என்பதையும் இந்த மீட்டரில் பயன்படுத்திக்கொள்ளலாம். செல்போன் சார்ஜர் மாதிரிச் சின்ன சுமை என்றால், ஒரு எக்ஸ்டென்ஷன் வயரின் ஃபேஸை மட்டும் தனியே பிரித்துவைத்த ஒரு துண்டை வாய்க்குள் பத்துச் சுற்று சுற்றினால் பத்து மடங்கு காட்டும். 20 மில்லி ஆம்பியர் 200 ஆகத் தெரியும், பத்தால் வகுத்துக்கொள்ளலாம். இந்தப் பிரித்த எக்ஸ்டென்ஷன் ஒன்று கட்டாயம் வேண்டும், மீட்டர் டப்பாவில் அது வராது. மூன்று தனி வயரை வைத்து, ஒரு பக்கம் பிளக், மறுபக்கம் சாக்கெட், வயர்மேனிடம் சொன்னால் செய்து தருவார். ஒற்றை நட்சத்திரம் போட்ட எல்லாருக்கும் குறையாக இருந்தது இந்த ஒரு சாமான்தான்.

டிசி பக்கம். ஏசியை அளக்க வளையத்தில் ஒரு சுருள் இருந்தால் போதும், டிசிக்கு ஆகாது, அதனால் வளையத்தின் இடைவெளியில் ஹால் உணரி, அதாவது மாறாத காந்தப்புலத்தையும் உணரும் சில்லு, வைத்திருக்கிறார்கள். இன்வெர்ட்டர் பேட்டரியின் கேபிளைக் கவ்வினால் எத்தனை ஆம்பியர் என்பதோடு பிளஸ், மைனஸ் குறியும் வரும், சார்ஜ் ஏறுகிறதா இறங்குகிறதா என்று தெரியும். இதில் ஒரு குணம் உண்டு, டிசி அளக்கும் எல்லா கிளாம்ப் மீட்டருக்கும் பொதுவானது: மீட்டரைக் கிழக்கே பிடித்தால் ஒரு எண், வடக்கே பிடித்தால் ஒரு எண், சில பத்து மில்லி ஆம்பியர் மாறும். பூமியின் 40 மைக்ரோ டெஸ்லாவையும் ஹால் உணரி கொஞ்சம் பார்த்துவிடுகிறது. அளக்கப் போகிற இடத்தில், அளக்கப் போகிற கோணத்தில் பிடித்துக்கொண்டு ஜீரோ பொத்தானை அழுத்திவிட்டுப் பிறகு வயரைக் கவ்வுங்கள்.

பள்ளிக்கு எடுத்துப்போனது இந்த டிசி வசதிக்காகத்தான். பிளஸ் டூ முதல் தொகுதியில் மின்னோட்டத்தின் காந்த விளைவுகள் பாடத்தில் இரண்டு இணை வயர்களுக்கு நடுவே வரும் விசையைப் பலகையில் எழுதி நகர்ந்துவிடுவதுதான் வழக்கம், கண்ணால் பார்த்த பிள்ளைகள் மிகக் குறைவு. காரைக்குடியில் சிக்ரி (மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம்) வளாகத்தைத் தினமும் பஸ்ஸில் கடந்து வருகிற பிள்ளைகள் இவர்கள். அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்ச ரூபாயும் கொடுத்து, 1948-ல் அடிக்கல் நடப்பட்டு வந்த ஆய்வகம். அந்த ஊரில் படிக்கிற பிள்ளை இந்த விசையைப் பார்க்காமல் பரீட்சை எழுதுவதை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

சமையல் அலுமினியத் தாளில் அரை சென்டிமீட்டர் அகலத்துக்கு இரண்டு நாடா வெட்டி, ஒரு அடி நீளத்துக்குப் பக்கம் பக்கமாகத் தொளதொளவென்று தொங்கவிட்டோம். நடுவே 5 மில்லிமீட்டர். ஒரு கார் பேட்டரி, அதோடு தொடரில் ஒரு ஹெட்லைட் பல்பு. இந்தப் பல்பு இல்லாமல் பேட்டரியை நேராகக் கொடுக்கவே கூடாது, தாள் எரியும், பேட்டரியும் ஆபத்து. 60, 55 வாட் இரண்டு இழையையும் சேர்த்து விட்டால் ஏறக்குறைய 9 ஆம்பியர், மீட்டர் அதைப் பக்கத்திலேயே காட்டிக்கொண்டிருக்கும். முதல் நாடாவில் இறங்கி இரண்டாவதில் ஏறும்படி இணைத்தால் நாடாக்கள் சட்டென்று விலகுகின்றன. முதல் நாடாவின் அடியிலிருந்து ஒரு வயரைத் தூரமாகச் சுற்றிக் கொண்டுவந்து இரண்டாவதின் மேல் முனையில் கொடுத்தால், இரண்டிலும் மின்னோட்டம் கீழ்நோக்கி, நாடாக்கள் வந்து ஒட்டிக்கொள்கின்றன. விசை எவ்வளவு? ஆம்பியரையும் ஆம்பியரையும் பெருக்கி, மீட்டரில் சொன்ன இடைவெளியால் வகுத்து, ஒரு கோடியில் இரண்டு பங்கு எடுத்தால் ஒரு மீட்டர் நீளத்துக்கான விசை நியூட்டனில் வரும். 9 ஆம்பியருக்கு அந்த ஒரு அடி நீளத்தில் ஒரு மில்லி நியூட்டன் அளவு, அதாவது 0.1 கிராம் எடை. கேட்டால் ஒன்றுமில்லை என்று தோன்றும், ஆனால் நாடாவின் எடையே அதில் பாதிதான் இருக்கும். அதனால்தான் அப்படித் துள்ளுகிறது.

கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பெண் கேட்ட கேள்வி: "சார், மீட்டர் வாயில ரெண்டு நாடாவோட வயரையும் சேத்து வச்சா?" விலகும்போது கவ்வினால் பூஜ்ஜியம், ஒட்டும்போது கவ்வினால் 18. வகுப்பே எழுந்து நின்றுவிட்டது. இழுப்பதும் தள்ளுவதும், கூடுவதும் கழிவதும் ஒரே விஷயம் என்று நான் ஒரு மணி நேரம் பேசியிருந்தாலும் இப்படிப் புரிந்திருக்காது. பாரிஸில் ஆம்பியர் இதே விசையை 1820 செப்டம்பரில் செய்து காட்டினார், ஆர்ஸ்டெட்டின் சேதி அங்கே போய்ச் சேர்ந்த அதே மாதம். பிறகு 1948 முதல் ஆம்பியர் என்ற அலகையே இந்த விசையை வைத்துத்தான் வரையறுத்தார்கள், ஒரு மீட்டர் இடைவெளியில் இரண்டு வயர், மீட்டருக்கு ஒரு கோடியில் இரண்டு பங்கு நியூட்டன் என்று. 2019 மே 20 முதல் அது மாறி, எலக்ட்ரானின் மின்னூட்டத்தை வைத்து வந்துவிட்டது. பழைய கைடுகளில் இன்னும் பழைய வரையறை மட்டும் இருக்கிறது, பிள்ளைகளுக்கு இரண்டையும் சொல்லிக்கொடுங்கள்.

இதே விசை துணை மின்நிலையத்தில் பிரம்மாண்டமாகிவிடும். 10 சென்டிமீட்டர் இடைவெளியில் இரண்டு பட்டைகள், ஷார்ட் ஆகி 10,000 ஆம்பியர் ஓடினால் ஒரு மீட்டர் நீளத்துக்கு 200 நியூட்டன், 20 கிலோ கட்டித் தொங்கவிட்ட அளவு. பட்டைகளுக்கு நெருக்க நெருக்கமாகத் தாங்கிகள் வைத்து இறுக்கியிருப்பது அதற்காகத்தான்.

குறைகள் என்று பார்த்தால், வாய் 17 மில்லிமீட்டர்தான் திறக்கும். தடித்த சர்வீஸ் கேபிள், பெரிய மோட்டாரின் கேபிள் நுழையாது. ஏசி, டிசி இரண்டிலும் உச்சம் 100 ஆம்பியர், அதற்கு மேல் வேண்டியவர்கள் வேறு பார்க்கவும். எண்கள் சின்னவை, இருட்டான இரண்டாங்கட்டில் என் வயதுக்காரர்களுக்குக் கண்ணாடி வேண்டும். பாதுகாப்பு வகை கேட் 2-ல் 600 வோல்ட், கேட் 3-ல் 300 வோல்ட் என்று அதன் மேலேயே எழுதியிருக்கிறது. வீட்டு டிபி பாக்ஸ் வரை சரி, கம்பத்திலும் ஈ.பி. மீட்டருக்கு முன்னால் உள்ள லைனிலும் இதைக் கொண்டுபோகக் கூடாது. வோல்ட்டேஜ், ரெசிஸ்டன்ஸ், கெப்பாசிட்டர் எல்லாம் அளக்கும், ஃபேன் கெப்பாசிட்டர் பார்க்க வசதி, மற்றபடி சாதாரண மல்டிமீட்டர் வேலைதான். தொடாமல் ஃபேஸ் இருக்கிறதா என்று பார்க்கும் வசதியும் இருக்கிறது, ஆனால் அதை மட்டும் நம்பி வயரில் கை வைக்காதீர்கள்.

புது வீடு, எல்லா லைனும் புதிது, ஆர்சிசிபி ஒழுங்காக நிற்கிறது என்றால் இது உங்களுக்குத் தேவையில்லை. மாதம் ஒரு முறை ஆர்சிசிபியின் டெஸ்ட் பொத்தானை அழுத்திப் பாருங்கள், போதும். பழைய வீடு வைத்திருந்து வெளியூரில் இருக்கிறவர்கள், பங்காளிகள் சேர்ந்து ஒன்று வாங்கி வீட்டிலேயே வைத்துவிடலாம். திருவிழாவுக்கோ படைப்புக்கோ எல்லாரும் கூடும்போது, தோரண விளக்கும் கிரைண்டரும் ஓடும்போது மெயினில் ஒரு முறை ஜோடியாகக் கவ்விப் பார்க்கலாம். ஐப்பசி அடைமழையில் இன்னொரு முறை. எங்கள் வீட்டில் டிபி கதவின் உள்பக்கம் ஒரு அட்டை ஒட்டி, ஒவ்வொரு லைனுக்கும் அன்றைய எண்ணைத் தேதியோடு எழுதி வைத்திருக்கிறோம். கொல்லை லைன் நேற்று 4.